லியோன் நகரின் கதாஞ் மாளிகை: வரலாற்றையும் பொம்மைகளையும் ஒரே நாளில் பார்க்க முழு வழிகாட்டி

பிரான்சுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் பாரிஸைப் பார்த்துவிட்டு அப்படியே சுவிட்சர்லாந்துக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். நடுவில் ஒரு நாளை லியோனுக்கு ஒதுக்கலாம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் 2 மணி நேரம்தான். அந்த ஒரு நாளையும் எங்கே செலவழிப்பது என்று கேட்டால், பழைய நகரத்தில் இருக்கும் கதாஞ் மாளிகையைத்தான் சொல்வேன்.

16ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் கட்டிய மறுமலர்ச்சிக் கால மாளிகை இது. உள்ளே இரண்டு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஒன்று லியோன் நகரத்தின் வரலாற்றுக்கு, மற்றொன்று பொம்மலாட்டக் கலைக்கு. இரண்டையும் ஏன் ஒரே கூரைக்குள் வைத்தார்கள் என்று முதலில் தோன்றும். சுற்றிப் பார்த்து முடிக்கும்போது அந்தச் சேர்க்கை பொருத்தமாகத்தான் படும். அரசனுக்கே கடன் கொடுத்த வங்கிக்காரர்களின் வீடு இது. இதில் வாழும் பொம்மையோ வேலை போன ஒரு நெசவாளி செய்தது. காசு யார் கையில் இருந்தது, யார் கையில் இல்லை என்று பார்த்துக்கொண்டே போனால் இரண்டு அருங்காட்சியகமும் ஒரே கதையாகிவிடும். கீழே சொல்லும் வரிசை அதற்காகப் போட்டதுதான்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

திங்களும் செவ்வாயும் விடுமுறை. பயணத் திட்டம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புதன் முதல் ஞாயிறு வரை காலை பத்தரைக்குத் திறந்து மாலை ஆறரைக்கு மூடுகிறார்கள். பொது விடுமுறை நாள் குறுக்கே வந்தால் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் புதன்கிழமை மதியம் நல்ல தேர்வு. பிரான்சில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் புதன்கிழமை பள்ளி கிடையாது, அல்லது அரை நாள்தான். அதனால் சிறுவர்களுக்கான பயிலரங்கும் பொம்மலாட்டமும் புதனிலும் வார இறுதியிலும்தான் அதிகம் நடக்கும். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு வியாழன், வெள்ளி காலை. ஞாயிறு மதியம் பழைய நகரத்தின் தெருக்கள் நம்மூர்த் திருவிழாக் கடைத்தெரு மாதிரி நெரியும்.

டிசம்பர் 8ஆம் தேதியை ஒட்டி நடக்கும் விளக்குத் திருவிழா பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அந்த நாள்களில் தங்கும் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, மாலையில் தெருவில் நகரவே முடியாது. மாளிகையை நிதானமாகப் பார்க்க அது நேரமில்லை.

2. வந்து சேர்வது

ரயிலில் வந்தால் பார் தியூ நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து மெட்ரோ பி தடத்தில் சாக்ஸ் கம்பெத்தா வரை போய், டி தடத்துக்கு மாறி, வியூ லியோன் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். பெராஷ் நிலையத்தில் இறங்கியவர்கள் ஏ தடத்தில் பெல்கூர் வந்து அங்கே டி தடத்துக்கு மாறலாம். டி தட ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, தானியங்கி. பிள்ளைகளை முன்பெட்டியில் ஏற்றி முன்கண்ணாடி அருகே நிற்க வைத்தால் சுரங்கப்பாதை முழுவதும் தெரியும். விமானத்தில் வருபவர்களுக்கு சேன்தெக்ஸுபெரி நிலையத்திலிருந்து பார் தியூவுக்கு ரோன் எக்ஸ்பிரஸ் டிராம் இருக்கிறது, அரை மணி நேரம்.

ஒரு நாளில் மூன்று நான்கு இடம் பார்ப்பதாக இருந்தால் லியோன் சிட்டி கார்டு வாங்குவது லாபம். அருங்காட்சியக நுழைவு, மெட்ரோ, பஸ், டிராம், குன்றுக்கு ஏறும் கம்பிவட ரயில் எல்லாம் அதில் அடங்கும். கதாஞை மட்டும் பார்க்கப்போகிறவர்கள் நேராக வாசலில் டிக்கெட் எடுத்தால் போதும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

வியூ லியோன் நிறுத்தத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே சேன் ழான் பேராலயம். அதன் முன்னாலிருந்து வடக்கே போகும் சேன் ழான் தெருவில் நேராக நடந்தால் பத்து நிமிடத்துக்குள் பெத்தி கொலேஜ் சதுக்கம் வந்துவிடும். மாளிகையின் வாசல் அங்கேதான், கதவு எண் 1.

காலணி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியது. குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் மாளிகைக்குள் நுழைவதற்குள்ளேயே கால் வலிக்க ஆரம்பித்துவிடும். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் பெரிய சக்கர வண்டியாக எடுத்து வாருங்கள்.

3. உள்ளே போகும் முன் ஒரு திராபூல்

பத்தரை மணிக்குத்தானே திறக்கிறார்கள், அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். சேன் ழான் தெரு 54ஆம் எண் கதவைத் தேடிப் பிடியுங்கள். பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டுக் கதவு மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தித் தள்ளினால் திறக்கும். இருட்டான நடை, ஒரு முற்றம், மறுபடியும் நடை, இன்னொரு முற்றம் என்று பல வீடுகளின் வயிற்றுக்குள்ளேயே நடந்து அடுத்த தெருவான பெஃப் தெருவின் 27ஆம் எண்ணில் வெளியே வருவீர்கள். இதைத்தான் லியோன்காரர்கள் திராபூல் என்கிறார்கள். பழைய நகரத்தில் இருப்பவற்றிலேயே நீளமானது இதுதான்.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், கதாஞ் மாளிகையின் அமைப்பு இதைப் பார்த்த பிறகுதான் பிடிபடும். ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவே இருப்பது ஒல்லியான ஒரு நிலப்பட்டை. தெருக்கள் எல்லாம் ஆற்றுக்கு இணையாக ஓடுகின்றன, குறுக்குத் தெரு மிகக் குறைவு. மனைகளும் முகப்பு குறுகி ஆழம் நீண்டவை. அதனால் தெருவை ஒட்டி ஒரு கட்டடம், பின்னால் ஒரு கட்டடம், நடுவில் முற்றம் என்று கட்டினார்கள். முன்னையும் பின்னையும் இணைக்க முற்றத்தின் ஓரமாகத் திறந்த தாழ்வாரங்கள், மேலே ஏறச் சுழல் படிக்கட்டு. நம்மூர் இரண்டு கட்டு வீட்டை அப்படியே நான்கு மாடிக்கு நிமிர்த்தி வைத்த மாதிரி.

இன்றைக்கும் அந்த வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள். பகலில் வழியைத் திறந்துவைக்க நகராட்சியோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சத்தம் போடாமல் நடந்து, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

இந்தப் பகுதி இப்படியே மிஞ்சியதற்கும் ஒரு காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இது அழுக்கும் நெரிசலுமான ஏழைக் குடியிருப்பு, இடித்துவிடலாம் என்கிற யோசனை கூட இருந்தது. அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கொண்டுவந்த 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1964ல் பிரான்சின் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இதை அறிவித்தார்கள். 1998ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

4. முற்றத்தில் பத்து நிமிடம்

மாளிகைக்குள் நுழைந்ததும் எல்லோரும் நேராக டிக்கெட் வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் முற்றத்தில் நில்லுங்கள். இந்த இடத்தின் மிகப் பெரிய காட்சிப்பொருள் கட்டடம்தான், அதற்கு மட்டும் யாரும் கண்ணாடிப் பேழை போடவில்லை.

அண்ணாந்து பாருங்கள். ஜன்னல்களைக் கல்லாலான சிலுவைச் சட்டம் நான்காகப் பிரித்திருக்கும். தாழ்வாரங்கள் தளத்துக்குத் தளம் அடுக்கடுக்காகப் போகும். கிணறு ஒன்று இருக்கிறது. சுழல் படிக்கட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நடுத்தூண் தனியாக நட்டது மாதிரி தெரியும், ஆனால் இந்த வகைப் படிக்கட்டில் தூண் தனி வேலை அல்ல. ஒவ்வொரு படிக்கல்லின் உள்முனையையும் வட்டமாகச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போவார்கள். அந்த வட்டங்கள் சேர்ந்தே தூணாகிவிடும். படி ஏற ஏறத் தூணும் வளரும். கல் தச்சர்களின் கணக்கு அது.

இனி வீட்டுக்காரர்கள். 1511க்கும் 1527க்கும் இடையில் இதைக் கட்டியவர்கள் பியேர்வீவ் சகோதரர்கள். வணிகக் குடும்பம், பூர்வீகம் இத்தாலியின் பியத்மாந்து பகுதி. அப்போது லியோனில் ஆண்டுக்கு நான்கு பெரும் சந்தைகள் கூடும். 1463ல் பதினோராம் லூயி மன்னன் கொடுத்த உரிமை அது. சந்தைக்குச் சரக்கு வந்தது, சரக்கின் பின்னால் பணமாற்றுக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் பின்னால் இத்தாலிய வங்கிக் குடும்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஃப்ளோரன்ஸ் நகரத்துக் குவாதாஞ்ஞி குடும்பம். பிரெஞ்சு நாக்கில் அது கதாஞ் ஆனது. அந்தக் குடும்பத்து இளைய தலைமுறை முதலில் இங்கே வாடகைக்கு இருந்துவிட்டு, 1545ல் மாளிகையை விலைக்கே வாங்கியது.

எவ்வளவு பணம்? ‘கதாஞ் மாதிரி பணக்காரன்’ என்பது லியோனில் ஒரு சொலவடையாகவே இருந்தது. 1525ல் பவியா போரில் ஸ்பெயின் படையிடம் பிடிபட்ட பிரான்சுவா மன்னனை மீட்கக் கடன் கொடுத்தவர்களில் மூத்தவர் தொமா கதாஞ் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டு, 1524ல், வெர்ராட்சானோ என்ற மாலுமி அட்லாண்டிக்கைத் தாண்டி, இன்று நியூயார்க் இருக்கும் விரிகுடாவுக்குள் நுழைந்தான். அந்தப் பயணத்துக்குப் பணம் போட்டது லியோனில் கடை விரித்திருந்த ஃப்ளோரன்ஸ்காரர்கள், அதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

பெரிய வீடுகளுக்கு எப்போதும் நடப்பதுதான் பின்னால் இதற்கும் நடந்தது. குடும்பம் போனது, வீடு கைமாறியது, அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். 1902 முதல் நகராட்சி பகுதி பகுதியாக வாங்க ஆரம்பித்தது. 1920ல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், 1921ல் வரலாற்று அருங்காட்சியகம், 1950ல் பொம்மை அருங்காட்சியகம். 1998ல் மூடிச் சீரமைக்க ஆரம்பித்தவர்கள் 2009ல்தான் முழுவதுமாகத் திறந்தார்கள். பத்து ஆண்டுக்கு மேல் ஒரு நகரம் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது.

5. முதலில் பொம்மைகள்

பலர் வரலாற்றுப் பகுதியில் ஆரம்பித்து, அதிலேயே களைத்துப்போய், பொம்மைகளைக் கடைசி அரை மணி நேரத்தில் ஓடிக்கொண்டே பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கண்ணும் காலும் தெம்பாக இருக்கும்போது பொம்மைகளிடம் போங்கள். அவை எழுப்பும் கேள்விகளுக்கு வரலாற்றுப் பகுதி பதில் சொல்லும்.

அறைகள் கொஞ்சம் இருட்டாக இருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். துணியும் தோலும் சாயமும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், அதற்காகத்தான். கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள்.

இங்கே நீங்கள் தேட வேண்டிய ஆள் கின்யோல். வட்ட முகம், அகலத் திறந்த கண்கள், மேல் நோக்கிய சின்ன மூக்கு, உதட்டோரம் ஒரு சிரிப்பு. தலையில் கறுப்புத் தொப்பி. பின்னால் ரிப்பன் வைத்துக் கட்டிய குட்டைச் சடை. பழுப்புச் சட்டை. பக்கத்தில் அவன் தோழன் ஞாஃப்ரோன் இருப்பான். செருப்புத் தைப்பவன், சிவந்த மூக்கு, உயரத் தொப்பி, தோல் ஏப்ரன். போழொலே ஒயினைக் கண்டால் விடமாட்டான். கின்யோலின் மனைவி மத்லோன், வாய் கொஞ்சம் நீளம். இவர்களை உருவாக்கியவர் செதுக்கிய மூல பொம்மைகளே இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் முன் நிற்பதற்காகவே இங்கே வரலாம்.

அந்த மனிதர் பெயர் லோரான் மூர்கே. 1769ல் லியோனில் பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். லியோனின் பட்டு நெசவாளர்களைக் கனூ என்பார்கள். மூர்கேவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபது வயதில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பட்டு கட்டுகிற பிரபுக்கள் ஒன்று தலையை இழந்தார்கள், அல்லது நாட்டை விட்டே ஓடினார்கள். தறி நின்றது. மூர்கே தெருத்தெருவாகச் சாமான் விற்றார், அப்புறம் பல் பிடுங்கினார்.

பல் பிடுங்குவது அன்றைக்குச் சந்தை வேலை. பிடுங்குவதற்குக் காசு வாங்காமல், வலிக்கு மருந்து விற்றுச் சம்பாதிப்பார்கள். அதற்குக் கூட்டம் சேர வேண்டும், நோயாளியின் அலறல் கூட்டத்தைக் கலைத்துவிடவும் கூடாது. மூர்கே தன் நாற்காலிக்கு முன்னால் பொம்மை ஆட்டம் வைத்தார். முதலில் இத்தாலியிலிருந்து வந்த பழைய கோமாளி போலிஷினேல். பிறகு ஞாஃப்ரோன். 1808 வாக்கில் கின்யோல். கூட்டம் பல்லை மறந்து பொம்மைக்கு வர ஆரம்பித்த பின் இடுக்கியை வைத்துவிட்டு முழுநேரப் பொம்மலாட்டக்காரர் ஆனார். 1844ல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் தொழில். பிள்ளைகளும் பேரன்மாரும் தொடர்ந்தார்கள்.

கின்யோல் கையில் ஒரு தடி இருக்கும், கவனியுங்கள். தவேல் என்று பெயர், பட்டுத் தொழிலிலிருந்து வந்தது. அதைக்கொண்டு அவன் போலீஸ்காரனை அடிப்பான், வீட்டுக்காரனை அடிப்பான். மிகப் புகழ்பெற்ற ஆட்டம் ஒன்றில் மாதக்கணக்கில் வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறான். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரன் காண்சூவுக்குக் கிடைப்பதெல்லாம் பேச்சும் அடியும். அந்தக் கின்யோலைத்தான் ஊரிலேயே பணக்கார வீட்டுக்காரனின் மாளிகையில் குடிவைத்திருக்கிறார்கள். வாடகையும் கேட்பதில்லை.

இன்று கின்யோல் என்றால் குழந்தைகளுக்கான விளையாட்டு. தொடக்கத்தில் அப்படி இல்லை. பெரியவர்கள் வேலை முடிந்து வந்து மதுக்கடையில் பார்த்தார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது, அன்றன்றைய செய்தியைக் கிண்டலடித்து அந்தந்த நேரத்தில் பேசியதுதான். மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்கு இது பிடிக்கவில்லை. 1852 முதல் வசனத்தை முன்கூட்டியே எழுதித் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அந்தக் கெடுபிடியால் ஒரு நன்மையும் விளைந்தது. காற்றோடு போயிருக்க வேண்டிய பேச்சு காகிதத்தில் ஏறியது. ஒனோஃப்ரியோ என்ற நீதிபதி 1865ல் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். நீதிபதி அல்லவா, காரமானவற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்திவிட்டார்.

கின்யோல் கைப்பாவை. ஆள்காட்டி விரல் தலைக்குள், மற்ற விரல்கள் கைகளுக்குள். மரத்தில் செதுக்கிய தலை. ஆட்டக்காரர் கீழே நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடியே முழு ஆட்டத்தையும் நடத்த வேண்டும். உங்கள் கையை அப்படியே தூக்கி மூன்று நிமிடம் நின்று பாருங்கள், அருமை புரியும்.

அடுத்த அறைகளில் உலகத்துப் பொம்மைகள். தொகுப்பில் 2000க்கும் மேல் உண்டு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெளியே வைப்பதில்லை. அதனால் நீங்கள் போகும்போது எது இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஆட்டுகிறவன் எங்கே நிற்கிறான்? கைப்பாவைக்குக் கீழே. நூல் பாவைக்கு மேலே. நிழல் பாவைக்குத் திரைக்குப் பின்னே. சிசிலியின் கவசம் பூண்ட வீரன் பொம்மைக்கு உச்சந்தலையில் இரும்புக் கம்பி இறங்கும், கனமோ தாங்காது, ஆட்டுகிறவனுக்குத் தோள்பலம் வேண்டும். துருக்கியின் கரகோஸ் பதப்படுத்திய தோலில் வெட்டி வண்ணம் ஏற்றியது, விளக்கொளி அதன் ஊடாகவே வரும். ஜாவாவின் வயாங் குலித் பொம்மைக்கும் தோல்தான், அதில் நுணுக்கமாகத் துளைத்த ஓட்டை வேலையைப் பாருங்கள். தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பேழையின் முன் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பார்கள். ராமனும் அர்ச்சுனனும் அங்கேயும் நாயகர்கள்தானே.

இந்தப் பகுதிக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. மேலே தோட்டம்

மாளிகை குன்றின் சரிவை ஒட்டிக் கட்டியது. அதனால் தோட்டம் கீழே இல்லை, மேல்தளத்தில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு. பக்கத்திலேயே ஒரு கஃபே. ஒரு காபி குடித்துக்கொண்டு ஃபூர்வியேர் குன்றையும் பழைய நகரத்தின் ஓட்டுக் கூரைகளையும் பார்க்கலாம். பிள்ளைகள் ஓடட்டும்.

7. பிறகு வரலாறு

இப்போது நகரத்தின் கதை. ஆண்டு வரிசையில் அடுக்காமல் தலைப்பு தலைப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: நகரத்தின் முகம், ஆறுகள், தொழில்கள் என்று. இது எனக்குப் பிடித்த முறைதான், ஆனால் லியோனைப் பற்றி எதுவுமே தெரியாமல் வருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஐந்தாறு ஆண்டுகளைத் தலையில் போட்டுக்கொண்டு போனால் போதும்.

கி.மு. 43ல் ரோமானியர்கள் குன்றின்மேல் லுக்துனும் என்ற நகரை நிறுவினார்கள். (ரோமானியப் பொருள்களை இங்கே தேடி அலைய வேண்டாம், அவற்றுக்குக் குன்றின்மேல் தனி அருங்காட்சியகம் இருக்கிறது.) 1473ல் இங்கே முதல் புத்தகம் அச்சானது. 1536ல் மன்னன் பட்டு நெசவுக்கு உரிமை கொடுத்தான், அதுவரை இத்தாலியிலிருந்து வாங்கிய பட்டு இங்கேயே நெய்யப்பட்டது. 1793ல் லியோன் புரட்சி அரசை எதிர்த்து நின்று முற்றுகையில் வீழ்ந்தது. தண்டனையாக நகரத்தின் பெயரையே எடுத்துவிட்டார்கள். 1831லும் 1834லும் கனூக்கள் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1895ல் லூமியேர் சகோதரர்களின் சினிமா.

ஆறுகளைப் பற்றிய பகுதியில் நிதானியுங்கள். ரோன், சோன் என்று இரண்டு ஆறு இந்த ஊருக்கு. பாலம், படகு, வெள்ளம், ஆற்றங்கரை வேலைகள் என்று ஆற்றைச் சுற்றியே ஊரின் பிழைப்பு நடந்திருக்கிறது. பழைய நகரப் படங்களைப் பார்க்கும்போது முதலில் சோன் ஆற்றைக் கண்டுபிடியுங்கள், பிறகு பேராலயத்தை. அங்கிருந்து விரலை நகர்த்தினால் நீங்கள் நிற்கும் மாளிகை இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

தொழில் பகுதியில் பட்டுதான் மையம். ஜக்கார் தறி வந்ததும் நெசவின் கணக்கு மாறியது. துளையிட்ட அட்டைகள் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும், முன்பு கயிறு இழுக்கத் தேவைப்பட்ட உதவியாள் தேவையில்லாமல் போனான். நெசவாளி பட்டை நெய்தான், விலை வைத்தது வணிகன். 1831ல் வணிகர்கள் ஒப்புக்கொண்ட கூலி விகிதத்தைப் பின்னால் மறுத்ததுதான் கிளர்ச்சிக்குப் பொறி. ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்’ என்று கறுப்புக் கொடியில் எழுதி இறங்கி வந்தார்கள். கீழே பார்த்த கின்யோல் ஏன் அப்படிப் பேசுகிறான், ஏன் போலீஸ்காரனைக் கண்டால் தடியை எடுக்கிறான் என்பதெல்லாம் இந்த அறையில் விளங்கும்.

வேதிப்பொருள், மோட்டார் வண்டி என்று அடுத்து வருபவற்றில் ஆர்வம் இல்லை என்றால் வேகமாக நடந்துவிடலாம். விளக்கப் பலகைகளைப் படிக்கக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி கைகொடுக்கும். இயர்போனை மறக்காதீர்கள்.

8. சாப்பாடு

பழைய நகரத்தில் பூஷோன் என்ற பெயர்ப் பலகை தடுக்கி விழுந்தால் தென்படும். லியோனின் பாரம்பரியச் சாப்பாட்டுக் கடை அது. பன்றியும் குடலும் ஈரலும்தான் அங்கே பெருமை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு கெனெல் நல்ல தொடக்கம், பைக் என்ற ஆற்று மீனை மாவோடு பிசைந்து அவித்து சாஸில் போட்டுத் தருவார்கள்.

சைவம் என்றால் கவனம். ‘லியோன் சாலட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து இலைதானே என்று வாங்கிவிடாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டு கட்டாயம் இருக்கும். கனூக்களின் உணவாக வந்த செர்வேல் து கனூ கேளுங்கள். பெயருக்கு ‘நெசவாளி மூளை’ என்று பொருள் வந்தாலும் உள்ளே இருப்பது புது வெண்ணெய்க்கட்டியில் பூண்டு, வெங்காயத்தாள், மூலிகை நறுக்கிப் போட்டுக் கலக்கியதுதான். ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். கடைசியாக, சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் போட்ட பிராலின் தார்த் ஒரு துண்டு. பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள்.

பூஷோன்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடும். அதனால் வரலாற்றுப் பகுதியை இரண்டாகப் பிரித்துக்கொள்வதா, சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொள்வதா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள். வெளியே போய்த் திரும்பி வரலாமா என்று வரவேற்பில் கேட்டுக்கொண்டால் சிக்கல் இல்லை.

9. மாலையில் ஆட்டத்தை நேரில் பாருங்கள்

கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது ஓய்வெடுக்கும் பொம்மை. அது ஆடுவதையும் பார்த்துவிட வேண்டும். பழைய நகரத்திலேயே லூயி கரான் தெருவில் கின்யோல் அரங்கு இருக்கிறது, மாளிகையிலிருந்து சில நிமிட நடை. மாளிகைக்குள்ளும் ஒரு சிறு அரங்கு உண்டு. தேத் தோர் பூங்காவில் பிள்ளைகளுக்கான ஆட்டம் நடக்கும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போலீஸ்காரன் பின்னால் வருவதைக் கின்யோலிடம் சொல்லக் குழந்தைகள் கத்துவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இன்னும் தெம்பு இருந்தால் குருவா ரூஸ் குன்றுக்குப் போகலாம். மெட்ரோ டியில் பெல்கூர், அங்கிருந்து ஏ தடத்தில் ஓத்தேல் து வீல், பிறகு பல்சக்கரம் பூட்டிய சி தடம். 19ஆம் நூற்றாண்டில் நெசவாளர்கள் குடியேறிய மேடு அது. வீடுகளின் ஜன்னல்கள் உயரமாக இருப்பதைக் கவனியுங்கள். ஜக்கார் தறி நிற்க 4 மீட்டர் உயரக் கூரை வேண்டும், தறிக்கு வீடு கட்டி அதன் ஓரத்தில் மனிதர்கள் குடியிருந்தார்கள். அங்கே கனூ இல்லத்தில் தறியை ஓட்டிக் காட்டுவார்கள்.

உங்கள் கையில் இருப்பது திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் என்றால்

மாளிகை கிடையாது, ஆனால் நாள் வீணில்லை. காலையில் திராபூல் நடை. பேராலயத்துக்கு அருகே தொய்யெனே பகுதியில் இருக்கும் மூர்கே சிலையைப் பாருங்கள். பிறகு வியூ லியோனிலிருந்து கம்பிவட ரயிலில் ஃபூர்வியேர் ஏறுங்கள். அங்கே ரோமானியத் திறந்தவெளி அரங்குக்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் உள்ள லுக்துனும் அருங்காட்சியகம் திங்களன்று மட்டும் மூடியிருக்கும், செவ்வாயில் பார்க்கலாம். இறங்கும்போது ரயிலில் வராமல் ரோசேர் (ஜெபமாலை) தோட்டத்து வழியாக நடந்து வாருங்கள், வழி நேராகப் பழைய நகரத்துக்கே கொண்டுவந்து விடும்.